இரண்டு மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு: மூன்றாவதற்கு முன்னால் கேட்க வேண்டியது

வாசகர் கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 24 வயது. மூன்று வருடமாக வலிப்பு இருக்கிறது. மாதத்தில் நாலைந்து தடவை, பேசிக்கொண்டே இருப்பவன் திடீரென்று நிறுத்திவிட்டு எங்கேயோ வெறித்துப் பார்ப்பான், சப்புக்கொட்டுவான், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருப்பான். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும், ஆனால் நடந்தது எதுவும் நினைவிருக்காது. வருவதற்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவது போல இருக்கும் என்பான். தூக்கத்தில் கைகால் வெட்டி இழுப்பதும் வருடத்துக்கு மூன்று நான்கு முறை வருகிறது. முதலில் லாமோட்ரிஜின் கொடுத்தார்கள், ஒன்றரை வருடம் கழித்து லெவிடிராசெட்டம் சேர்த்தார்கள். இரண்டையும் வேளை தவறாமல் சாப்பிடுகிறான், ஆனாலும் நின்றபாடில்லை. இரண்டாவது மாத்திரைக்குப் பிறகு சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறான். இரண்டு முறை எடுத்த ஈஈஜி நார்மல், எம்ஆர்ஐயும் நார்மல். இது வலிப்பே இல்லை, மனசு சம்பந்தப்பட்டது என்று வீட்டில் சிலர் சொல்கிறார்கள். மூன்றாவது மாத்திரை சேர்க்கலாம் என்கிறார் டாக்டர். புது மருந்து, கஞ்சா எண்ணெய், ஏஐ என்று தினமும் செய்தி வருகிறது. எதை நம்புவது? ஆபரேஷன் என்றாலே எங்களுக்குப் பயம்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம். இவ்வளவு விவரமாக எழுதியதற்கு முதலில் நன்றி. நோயாளியே நினைவில்லை என்று சொல்லும் அந்த இரண்டு நிமிடத்தைக் கூட இருந்து பார்த்தவர் சொல்லும் விதத்தில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. நீங்கள் அதைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாத்திரை சேர்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் அது வேலை செய்கிறதா என்று இன்னும் ஒரு வருடம் காத்திருந்து பார்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மாத்திரை ஒரு பக்கம் போகட்டும், அதே வாரத்தில், வலிப்பு நோய்க்கென்றே தனிப்பிரிவும் அறுவை சிகிச்சைக் குழுவும் உள்ள ஒரு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் நிறைய இருக்கிறது, அதற்கு வருவதற்கு முன்னால் வீட்டில் ஓடும் அந்தப் பேச்சை முடித்துவிடுவோம்.

ஈஈஜி நார்மல் என்றால் வலிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. ஈஈஜி மண்டையோட்டுக்கு மேலே ஒட்டிய கம்பிகள் வழியாக மூளையின் மின்னோட்டத்தைக் கேட்கிறது. கிட்டத்தட்ட 10 சதுர சென்டிமீட்டர் பரப்பளவு மூளைப்புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, ஒரே நேரத்தில் சேர்ந்து துடித்தால்தான் அது வெளியே தெளிவாகத் தெரியும். காதுக்கு உள்பக்கமாக, ஆழத்தில், ஹிப்போகேம்பஸ் என்கிற சிறிய பகுதியில் நடக்கும் கலாட்டா அவ்வளவு தூரம் வந்து சேர்வதில்லை. அதோடு, எடுப்பது இருபது முப்பது நிமிடம், அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் பதிவும் அமைதியாகத்தான் இருக்கும். வலிப்பு உள்ளவர்களிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் ஈஈஜியில் ஒன்றும் தெரிவதில்லை. திரும்பத் திரும்ப எடுத்தால், அதுவும் தூங்கும்போது எடுத்தால், கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

ஆனால் வீட்டில் சிலர் சொல்வதை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. வலிப்பு என்று மருந்து சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருப்பது வேறு ஏதோ என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சிலருக்கு அது மயக்கம், சிலருக்கு இதயத் துடிப்புக் கோளாறு, சிலருக்கு மன அழுத்தத்தில் உடல் தன்னையறியாமல் செய்யும் வலிப்பு போன்ற அசைவுகள். கடைசியாகச் சொன்னது நடிப்பு இல்லை, அதுவும் நிஜமான நோய், அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது. உங்கள் தம்பி விஷயத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள், அதாவது வயிற்றிலிருந்து ஏறும் உணர்வு, வெறித்த பார்வை, சப்புக்கொட்டுதல், பொத்தானைத் தடவுதல், பிறகு ஒன்றும் நினைவில்லாமை, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் எந்த நரம்பியல் மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது பொட்டுப் பகுதி மூளையில், அதாவது டெம்போரல் லோப்பில், தொடங்கும் வலிப்புதான். நேரில் பார்க்காமல் நான் முத்திரை குத்த முடியாது. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க வழி உண்டு. வீடியோ ஈஈஜி என்று, நாலைந்து நாள் மருத்துவமனையில் தங்கவைத்து, கேமராவும் ஈஈஜியும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, வலிப்பு வரும் அந்த நொடியையே பிடிப்பார்கள். அது வந்துவிட்டால் வீட்டு விவாதம் அன்றோடு முடிந்துவிடும்.

அதுவரை உங்கள் கையில் இருக்கும் போனையே பயன்படுத்துங்கள். 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உறவினர்கள் போனில் எடுத்த வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு வலிப்பு நிபுணர்கள் சொன்ன முடிவு, பிறகு எடுத்த வீடியோ ஈஈஜி முடிவோடு சுமார் 89 சதவீதம் ஒத்துப்போயிருக்கிறது. முகம் தெரிய வேண்டும், இரண்டு கையும் தெரிய வேண்டும், இடையில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வார்த்தையை நினைவில் வைக்கச் சொல்லுங்கள், தெளிந்த பிறகு அந்த வார்த்தையைக் கேளுங்கள். தெளியும் வரை படம் ஓடட்டும்.

எம்ஆர்ஐ நார்மல் என்பதிலும் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த எம்ஆர்ஐ? தலைவலிக்கு எடுக்கும் சாதாரண ஸ்கேனில் துண்டுகள் தடிமனாக, இடைவெளி விட்டு இருக்கும். வலிப்புக்கென்று தனி முறை இருக்கிறது, ஹார்னஸ் என்று பெயர், வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுச் சங்கத்தின் வல்லுநர்கள் 2019இல் வெளியிட்டது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில், இடைவெளி இல்லாமல், ஹிப்போகேம்பஸைக் குறுக்கே வெட்டிப் பார்க்கும் கோணத்தில் எடுப்பார்கள். அதில் தெரிவது சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம். அதோடு, வலிப்பு ஸ்கேன் பார்த்துப் பழகிய கண் வேண்டும். நார்மல் என்று எழுதிவந்த படத்தை அடுத்த அறையில் இருப்பவர் பார்த்து, இதோ இங்கே என்று விரல் வைத்துக் காட்டியதை நானே பல முறை பார்த்திருக்கிறேன்.

ஏஐ பற்றிக் கேட்டீர்களே, அது உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான். மெல்ட் என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு 23 மையங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்து ஒரு கணினி நிரலைப் பழக்கியது. மூளைப்புறணியில் பிறவியிலேயே சிறு பகுதி ஒழுங்கில்லாமல் அமைந்திருப்பதைத் தேடும் நிரல் அது. கதிரியக்க மருத்துவர்கள் தவறவிட்ட அப்படிப்பட்ட இடங்களில் 64 சதவீதத்தை அது கண்டுபிடித்ததாக 2025இல் முடிவு வெளிவந்தது. ஈஈஜி படிப்பதற்கும் ஸ்கோர் ஏஐ என்று ஒன்று 2023இல் வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளில் பழகியது, நிபுணர் அளவுக்குப் படிக்கிறது. நிபுணர் கிடைக்காத இடங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பதிவாகாத ஒன்றை எந்த நிரலாலும் படிக்க முடியாது, தம்பியின் அரைமணி நேர ஈஈஜியில் எதுவும் பதியவில்லை என்றால் ஏஐயும் நார்மல் என்றுதான் சொல்லும். ஸ்கேன் நிரலும் அப்படித்தான், ஒரு மருத்துவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டிய குறிப்பைத்தான் அது தருகிறது.

சரி, இப்போது மாத்திரைக்கு வருவோம், ஏனென்றால் என் அவசரத்துக்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1,795 பேரை, புதிதாக நோய் கண்டறிந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனித்து, முப்பது ஆண்டுக் கணக்கை 2018இல் வெளியிட்டார்கள். முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் சரிபாதி. இரண்டாவதில் கூடுதலாக நின்றவர்கள் 11.6 சதவீதம். மூன்றாவதில் 4.4 சதவீதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் பலன் இன்னும் சுருங்கிக்கொண்டே போகிறது. இந்த முப்பது ஆண்டில்தான் புதுப்புது மருந்துகள் ஒரு டஜனுக்கும் மேல் வந்தன, அப்படியும் மொத்தத்தில் மூன்றில் ஒருவருக்கு வலிப்பு நிற்கவில்லை என்பது எங்கள் துறையில் எல்லோரையும் உறுத்தும் கணக்கு. இதனால்தான், சரியாகத் தேர்ந்தெடுத்து, போதிய அளவில் கொடுத்த இரண்டு மருந்துகள் கைவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று 2010இல் பன்னாட்டுச் சங்கம் வரையறுத்தது. ஐந்து மருந்தோ பத்து வருடமோ தேவையில்லை, இரண்டே போதும். 2022இல் அதே சங்கத்தின் வல்லுநர்கள் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: 70 வயது வரை உள்ள யாராக இருந்தாலும், மருந்துக்கு அடங்கவில்லை என்று தெரிந்த உடனேயே அறுவை சிகிச்சை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், எத்தனை வருடமாக நோய் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். மதிப்பீட்டுக்கு அனுப்பத்தான் சொல்கிறார்கள், ஆபரேஷன் செய்யச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது தெரியுமா? பெரியவர்கள் நோய் தொடங்கி அறுவை சிகிச்சைக்கு வந்து சேர ஏறத்தாழ இருபது வருடம் ஆகிறது. நானும் அந்தத் தாமதத்தில் பங்கெடுத்தவன். பயிற்சி முடித்த புதிதில் ஒரு பெண்ணைப் பார்த்தேன், உங்கள் தம்பிக்கு வருவது போலவேதான் அவருக்கும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார், நான் அளவைக் கூட்டுவேன், இல்லையென்றால் ஒன்றை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்குவேன், ஒவ்வொரு முறையும் இது கேட்கும் என்று நம்பித்தான் எழுதினேன். அப்படியே ஆறு வருடம் போனது. அவர் வேலையை விட்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது எனக்குத் தெரியாது, நான் கேட்டதே இல்லை. அந்த ஆறு வருடத்தை அவருக்கு நான் திருப்பித் தர முடியாது. உங்கள் தம்பிக்கு 24 வயது, படிப்பு, வேலை, கல்யாணம் என்று எல்லாமே இனிமேல்தான், அதனால்தான் இதை இப்படி எழுதுகிறேன்.

அதற்கு முன் மருந்துகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். லாமோட்ரிஜின் போதிய அளவு வரை ஏற்றப்பட்டதா, இல்லை பாதியிலேயே நின்றதா என்று கேளுங்கள். அளவு குறைவாக இருந்தால் அந்த மருந்து தோற்றது என்று கணக்கில் எழுத முடியாது. தூக்கம் எப்படி, இரவு நெடுநேரம் விழிக்கிறாரா என்பதும் முக்கியம்.

அந்தக் கோபத்தைப் பற்றி. லெவிடிராசெட்டம் நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு எரிச்சல், ஆத்திரம், மனச்சோர்வு ஆகியவற்றைக் கொண்டுவரும். நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு அது, வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். தம்பியைத் திட்டாதீர்கள், அவரும் தன்னைத் தானே திட்டிக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் உண்டு. உயிரை விடலாம் போல இருக்கிறது என்கிற பேச்சு வந்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். ஆனால் நீங்களாக எந்த மாத்திரையையும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், நிற்காமல் தொடரும் வலிப்பில் அது கொண்டுபோய் விடலாம்.

புது மருந்துகளில் உங்கள் தம்பிக்குப் பொருந்தக்கூடியதாக நான் பார்ப்பது செனோபமேட். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்காக 2019 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பல மருந்து சாப்பிட்டும் நிற்காதவர்களிடம் நடந்த சோதனையில், அதிகபட்ச அளவு எடுத்தவர்களில் 21 சதவீதம் பேருக்கு வலிப்பு முழுசாக நின்றது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத மாத்திரை எடுத்தவர்களில் 1 சதவீதம். கடினமான நோயாளிகளிடம் இது பெரிய எண்தான். ஆனால் அது 12 வாரக் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். ஆரம்பத்தில் அளவை வேகமாக ஏற்றியபோது மூன்று பேருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து ஒருவர் இறந்தும் போனார். அதனால் இப்போது 12.5 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுகிறார்கள், அப்படிச் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அந்த ஒவ்வாமை வரவில்லை. எல்லா நாட்டிலும் இன்னும் கிடைப்பதில்லை. கிடைத்தால், மூன்றாவது மாத்திரையாக இதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

கஞ்சா எண்ணெய் வேண்டாம். கஞ்சாச் செடியிலிருந்து சுத்திகரித்து எடுக்கும் கன்னாபிடியால் என்ற மருந்து டிராவே, லெனாக்ஸ் கஸ்டோ போன்ற, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடுமையான வலிப்பு நோய்களுக்கு 2018இல் ஒப்புதல் பெற்றது உண்மைதான். தம்பிக்கு இருப்பது அந்த வகையாகத் தெரியவில்லை. வெளியில் விற்கும் எண்ணெயில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இனி உங்கள் பயத்துக்கு. மூளை ஆபரேஷன் என்றால் பயம் வருவது இயல்பு, நான் அதைச் சின்னதாக்கிப் பேசப் போவதில்லை. ஆனால் எண்களைப் பாருங்கள். 2001இல் கனடாவில், டெம்போரல் லோப் வலிப்பு உள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம், மருந்து மட்டும் எடுத்த குழுவில் 8 சதவீதம். பிறகு 2012இல், இரண்டு மருந்து கைவிட்ட உடனேயே அறுவை சிகிச்சை செய்தால் என்ன ஆகும் என்று சின்னதாக ஓர் ஆய்வு வந்தது. 38 பேர்தான். அறுவை சிகிச்சை பெற்ற 15 பேரில் 11 பேருக்கு இரண்டாவது வருடம் முழுக்க வலிப்பே வரவில்லை, மருந்து மட்டும் எடுத்த 23 பேரில் ஒருவர்கூட அந்த நிலைக்கு வரவில்லை. டெல்லி எய்ம்ஸில் 116 குழந்தைகளிடமும் இளையோரிடமும் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான், 77 சதவீதத்துக்கு எதிராக 7 சதவீதம்.

ஆபத்துகள் இருக்கின்றன. இடது பக்கமாக இருந்தால் பெயர்கள் சட்டென்று வாயில் வராமல் போகலாம், வார்த்தை நினைவு குறையலாம். பார்வையின் மேல்மூலையில் ஒரு சிறு பகுதி மறையலாம். கிருமித்தொற்று, ரத்தக்கசிவு போன்றவை அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. அதனால்தான் மதிப்பீடு பல வாரம் நடக்கிறது. வீடியோ ஈஈஜி, நல்ல எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், நினைவாற்றல் சோதனை, பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற சோதனை என்று எல்லாம் பார்த்துவிட்டு, குழுவாக உட்கார்ந்து பேசி, இவருக்குச் செய்யலாம் அல்லது வேண்டாம் என்று சொல்வார்கள். வேண்டாம் என்ற பதிலும் அடிக்கடி வரும். செய்யலாம் என்று சொன்னாலும் முடிவு தம்பியுடையது. சில மையங்களில் மண்டையைப் பெரிதாகத் திறக்காமல், சின்னத் துளை வழியாக லேசர் இழையை உள்ளே விட்டு அந்த இடத்தை மட்டும் சூடாக்கி அழிக்கிறார்கள். வலிப்பு முழுசாக நிற்கும் வாய்ப்பு வழக்கமான அறுவை சிகிச்சையைவிடச் சற்றுக் குறைவு, உடல் தேறுவது வேகம், நினைவாற்றலுக்கும் பாதிப்பு குறைவாக இருக்கலாம்.

வெட்டி எடுக்க முடியாத இடமாக இருந்தால்கூட வாசல் மூடிவிடாது. மூளைக்குள்ளேயே பொருத்தி, வலிப்பு தொடங்கும் அறிகுறியைக் கண்டதும் சிறு மின் துடிப்பு கொடுத்து அடக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2013இல் ஒப்புதல் கிடைத்தது. ஒன்பது வருடம் கவனித்ததில் வலிப்புகள் சராசரியாக நான்கில் மூன்று பங்கு குறைந்தன. முழுசாக நிற்பது குறைவுதான். ஆய்வகத்தில் வளர்த்த, மூளையை அமைதிப்படுத்தும் நரம்பணுக்களை ஹிப்போகேம்பஸில் வைக்கும் சோதனையும் நடக்கிறது, ஆரம்ப முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. அதை நான் ஆவலோடு கவனித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் தம்பியின் இந்த வருடத் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பல மருத்துவர்கள் சொல்லத் தயங்குகிறோம். வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர், வேறு காரணம் இல்லாமல் திடீரென்று, பெரும்பாலும் தூக்கத்தில், இறந்துபோகிறார். கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு, அதுவும் இரவில் வருபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. தம்பிக்கு வருடத்துக்கு மூன்று நான்கு முறை இரவில் வருகிறது என்பதை, அவ்வப்போதுதான் வருகிறது என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். முடிந்தால் அதே அறையிலோ பக்கத்து அறையிலோ ஒருவர் படுங்கள். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். வலிப்பை நிறுத்துவதற்காக மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த முறை கேளுங்கள்.

பரிந்துரை கேட்கும்போது உங்கள் மருத்துவர் சங்கடப்படுவாரோ என்று தயங்க வேண்டாம். இரண்டு மருந்து கைவிட்டுவிட்டது, மதிப்பீட்டுக்கு ஒருமுறை போய்வருகிறோம், மூன்றாவதையும் தொடங்குகிறோம் என்று சொன்னால் போதும், பெரும்பாலோர் சந்தோஷமாகவே எழுதித் தருவார்கள். போகும்போது பழைய எம்ஆர்ஐயின் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், படங்கள் உள்ள சிடியைக் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த அளவில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வலிப்பு வந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அப்புறம் அந்த வீடியோ, அதை எடுப்பதற்கு முன்னால், நல்லபடியாக இருக்கும் ஒரு நாளில், தம்பியிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தனக்கு வலிப்பு வரும்போது எப்படி இருக்கும் என்று அவர் இதுவரை பார்த்திருக்க மாட்டார். எடுத்த பிறகு பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும்.